பீரோவுக்கு அடியில போன தாயக்கட்டை

உ
காளியாத்தா துணை

புதுச்சத்திரம்,
ஆடி ஏழு, புதங்கெழமை

அன்புத் தம்பி ஜீவானந்தத்துக்கு உன்ற அக்கா சௌந்திரம் ஆசீர்வாதம் பண்ணி எழுதுங் கடிதம் என்னவென்றால், இவ்விடம் நானும், உன்ற மச்சானும், பண்ணையில இருக்கற கோழி பன்னண்டாயிரமும் ஆத்தா புண்ணியத்துல சொகம். அவ்விடம் சங்ககிரியில நீயும், சாந்தாமணியும், சந்தோஷ்குமாரும், உன்ற லாரி நாலும் சொகமா இருக்கோணும்னு வெளக்குப் பத்த வெக்கையில தெனமும் ஒருக்கா நெனச்சுக்கறேன். என்ற மக கிருத்திகாளச் சொகம்னு சொல்லலியேன்னு கேப்பே. அதுக்குத்தான் சாமி இந்தக் கடுதாசி.

போனு இருக்கைல எதுக்குக் கடுதாசின்னு நெனைக்காதே. என்ற போனுக்கு ரகசியம்னா என்னன்னே தெரியாது, நான் காதுல வெச்சாலும் நீ பேசறது தீவன மூட்டை எறக்கறவன் வரைக்கும் கேக்குது. நீயும் ஒரு காதுல என்னைய, இன்னொரு காதுல டிரைவரன்னு வெச்சுக்கிட்டுப் பேசறே. போன வாரம் நான் அழுகாத கொறையா பொண்ணு கெளம்பறேங்கறா தம்பின்னேன். நீ தொப்பூர் எறக்கத்துல பாத்து மெதுவாப் போகச் சொல்லுன்னுட்டு வெச்சுட்டே. அதனால கிருத்திகாளோட பழைய கணக்குத் தாள்ல பின்பக்கம் எழுதறேன். முன்பக்கம் இருக்கறது அவ போட்ட கணக்கு, அதப் படிக்காதே, படிச்சாலும் புரியாது. எனக்கு இப்பக் கொஞ்சம் புரியுது, அதுதான் வெசனமே.

விசயத்துக்கு வாரேன். அவ சேலத்துல எம்மெஸ்ஸி முடிச்சது உனக்குத் தெரியும். படிப்புப் பேரு புள்ளியியல். மொதல்ல கேட்டப்ப, புள்ளின்னா கோலமாட்ட இருக்குது, பொம்பளப் புள்ளைக்கு அடக்கமான படிப்புத்தான்னு நானே முன்னால நின்னு சேத்துவுட்டேன். அது கடைசியில அவளக் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போகுதாம். அங்க அஞ்சு வருசம் ஆராய்ச்சி பண்ண எடங் கெடச்சிருக்குது. முப்பதாந் தேதிக்குள்ள சேரோணுமாம், அதுக்கு வர்ற ஞாயித்துக்கெழம சேலத்துல ரயிலேறோணுமாம். ஒத்தப் புள்ள தம்பி. அங்க எல்லாத்துலயும் மீனு போடுவாங்களாம், பருப்புலகூட மீன் தலை கெடக்குமாம். சனிக்கெழமையானா அவளுக்கு எண்ண தேச்சுவுட அங்க யாரு இருக்கறா? ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்கன்னு உன்ற மச்சானக் கேட்டா, நீ சொல்றதுதான்னாங்க. அப்பா நீங்க என்ன சொல்றீங்கன்னு அவ கேட்டா, உங்கம்மா சொல்றதுதான்னாங்க. கலியாணம் ஆன நாள்ல இருந்து இந்த ஒரு பதிலையே வெச்சுக் குடும்பத்த ஓட்டிப்போட்டாங்க. கிருத்திகாளாவது சண்ட போட்டான்னா நானும் சண்ட போட்டு ஜெயிச்சிருப்பேன். அவ பக்கத்துல வந்து உக்காந்து, "நீ மனசார அனுப்பினாப் போறேம்மா, இல்லீன்னாப் போகல"ன்னு சொல்லிப்போட்டா. மனசாரன்னுட்டா தம்பி. அந்தச் சொல்ல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது.

சரி, நம்மளுக்குன்னு ஆத்தா இருக்கறா, பூ வாக்குக் கேட்டுப்போடலாம்னு கோயலுக்குப் போனேன். செவப்புப் பூவு ஒரு பொட்டலம், வெள்ளப் பூவு ஒரு பொட்டலம், வெள்ள வந்தா ஆத்தா சம்மதம், நம்ம ஊட்டுல எல்லாக் காரியமும் அப்படிக் கேட்டுத்தான நடந்துச்சு. போயிப் பாத்தா கோயல்ல திருப்பணி, கோபுரத்தச் சுத்திச் சாரங் கட்டிக் கெடக்குது. கும்பாபிசேகம் முடியற மட்டும் வாக்குக் கேக்கக் கூடாதுன்னு பூசாரி கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. திரும்பி வரையில பஸ்ஸுல எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. அத ஆத்தா குடுத்த ரோசனைன்னு அன்னைக்கு நெனச்சேன். நம்ம அம்மா எனக்குக் குடுத்த பித்தளத் தாயக்கட்ட ரெண்டு மேல அட்டாலிப் பரண்ல கெடக்குதில்ல? ஊட்டுலயே ஆத்தா படத்துக்கு முன்னால அத உருட்டறது. தாயம் உழுந்தாப் போகட்டும், வேற எது உழுந்தாலும் ஆத்தா வேண்டாங்கறான்னு அர்த்தம். தாயக்கரத்துலயும் அப்படித்தான, தாயம் போட்டாத்தான காயி ஊட்ட விட்டு வெளிய எறங்கும்? நான் சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல.

கிருத்திகா கேட்டுப்போட்டு, "பூ வாக்குன்னா பாதிக்குப் பாதி. இது எட்டுல ஒண்ணுதாம்மா, அநியாயம்"ன்னா. ஆத்தாளுக்கு எட்டென்ன ஒண்ணென்னன்னு நான் சொன்னேன். அவ உள்ள போயி முட்ட அட்டையத் தூக்கிட்டு வந்தா. ஒரு கட்டைக்குப் பக்கம் நாலு, ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு புள்ளி, அப்பறம் புள்ளியே இல்லாத மொட்டப் பக்கம். ஒரு கட்டைக்கு நெடுக்க நாலு குழி, இன்னொரு கட்டைக்குக் குறுக்க நாலு குழின்னு பதனாறு முட்ட அடுக்கினா. ரெண்டு கட்டையும் எப்படி எப்படி உழுகலாமோ அதுக்கெல்லாம் ஆளுக்கொரு முட்டையாம். ஒண்ணு மொட்டையும் ஒண்ணு ஒத்தப் புள்ளியுமா உழுந்தாத்தான தாயம்? அந்த எடம் ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு, அந்த ரெண்டுல மட்டும் வெள்ள முட்டைய எடுத்துட்டு நாட்டுக்கோழி முட்ட வெச்சா. பதனாறுல ரெண்டு செவப்பு முட்ட. எண்ணிப் பாத்தேன், அவ சொன்னது சரிதான். எனக்கு வெளிய சொல்ல முடியாத ஒரு நிம்மதி. சரின்னு அவளும் ஒத்துக்கிட்டா.

வெள்ளிக்கெழம, ஆடி மொத வெள்ளி, காலையில தலைக்கு ஊத்திப்போட்டு, வெளக்குப் பத்த வெச்சு, ஆத்தா நீயே பாத்துச் சொல்லுன்னு கண்ண மூடி உருட்டினேன். ஒரு கட்ட வெளக்குக்கு முன்னால வந்து மொட்டையா நின்னுச்சு. இன்னொண்ணு குத்துவெளக்குல மோதி, கிணுங்குன்னு சத்தம் போட்டுட்டு, உருண்டு உருண்டு பீரோவுக்கு அடியில போயிருச்சு. எந்த பீரோன்னு கேக்காதே, என்ற கலியாணத்துக்கு நம்ம அப்பா குடுத்த சீர் பீரோதான். ஏத்தறதுக்கு நாலு ஆளு, எறக்கறதுக்கு ஆறு ஆளு ஆச்சே, அதே இரும்புதான் இன்னைக்கும் நிக்குது. தரைக்கும் அதுக்கும் நடுவால ரெண்டு வெரக்கடை சந்துதான், கை போகாது.

நான் மறுக்காக் கண்ண மூடி இன்னொருக்கா உருட்டட்டுமான்னு கேட்டேன். அதெப்படி, ஆத்தா சொல்லி முடிச்சாச்சு, நமக்குத்தான் தெரியலைன்னா கிருத்திகா. சொல்லிப்போட்டு அட்டையில இருந்து மூணு வரிசை முட்டைய மடமடன்னு எடுத்துட்டா. ஒரு கட்ட மொட்டையின்னு கண்ணால பாத்தாச்சு, அப்ப அந்தப் பன்னண்டும் இனி நடக்காதாம். மிச்சம் நாலு, அதுல ஒண்ணு செவப்பு. "இப்ப நாலுல ஒண்ணும்மா"ன்னா. ஏஞ்சாமி, கட்ட உழுந்து அது பாட்டுக்குக் கெடக்குது, அசையக்கூட இல்ல, அதுக்குள்ள எட்டு எப்படி நாலாகும்னு கேட்டேன். அவ சொன்னா: "ஆத்தாளுக்கு எல்லாம் மொதல்லயே தெரியும்மா. இது கட்டையோட கணக்கில்ல, நமக்கு எவ்வளவு தெரியும்ங்கறதோட கணக்கு." மழை வருமான்னு கேட்டா ஒரு பதில், ஈசல் பறக்குதே இப்ப மழை வருமான்னு கேட்டா வேற பதில், கேள்வி அதேதான், நமக்குத் தெரிஞ்சதுதான் மாறிப்போச்சுன்னா. அந்தப் பன்னண்டு முட்டையும் அதுக்குள்ள உன்ற மச்சான் கையில. வெள்ளிக்கெழமையின்னு நான் முட்ட தொடமாட்டேன், அவியளுக்கு அந்த வெசனமெல்லாம் இல்ல, நடக்காத முட்டதானன்னு ஆம்ப்லேட்டுக்கு வெங்காயம் அரியச் சொல்றாங்க.

பீரோவ நகத்திப் பாத்துறலாம்னு கிருத்திகா சொன்னா. நான் வேண்டாம்னேன். ஆடியில பீரோவ நகத்தக் கூடாது. நகத்தினாலும் அது வடக்குப் பாத்து நிக்கிறது, லச்சுமி கோவிச்சுக்குவா. உன்ற மச்சானுக்கு இடுப்புல வேற புடிப்பு. இதெல்லாம் நாயந்தான? அப்பறம் அவ சர்ட்டிபிகேட்டு செராக்ஸ் எடுக்க நாமக்கல்லு போயிட்டா, இவிய ஆம்ப்லேட்டத் தின்னுபோட்டுப் பண்ணைக்குப் போயிட்டாங்க. மத்தியானம் ஊட்டுல நான் மட்டும். சும்மா உக்கார முடியாம ஊட்ட ஒருக்காக் கூட்டினேன், வேற ஒண்ணுமில்ல.

பொழுது எறங்கையில அவிய ரெண்டு பேரும் வந்தாங்க. உன்ற மச்சான் டார்ச்சு லைட்ட அடிச்சுக்கிட்டு, இடுப்புப் புடிப்போட தரையில படுத்துப் பாத்துட்டு, கட்டையோட மேல்பக்கம் தெரியல, நம்மளப் பாத்த பக்கத்துல மூணு புள்ளி தெரியுதுன்னாங்க. கிருத்திகா அட்டையில இருந்து ஒரு முட்டைய எடுத்தா. மூணு நம்மளப் பாத்துட்டு இருக்குதுன்னா அது மேல இருக்க முடியாதாம். இப்ப மூணுல ஒண்ணு. அதோட வுட்டாளா? வெளிய இருந்த கட்டையத் திருப்பிப் பாத்தா, மூணுக்கு நேர் எதுத்தாப்பல ரெண்டு. அப்ப ரெண்டு சொவத்தப் பாத்துட்டு இருக்குதாம், அதும் மேல இல்லையாம். இன்னொரு முட்டையும் போச்சு. மிச்சம் ஒரு வெள்ள முட்ட, ஒரு செவப்பு முட்ட. பாதிக்குப் பாதி. பூ வாக்குல எங்க ஆரம்பிச்சனோ அங்கியே என்னையக் கொண்டாந்து நிறுத்திப்போட்டா தம்பி, அதும் முட்டைய வெச்சு. அந்த ரெண்டு முட்டையும் அட்டையோட இன்னைக்கும் ஆத்தா படத்துக்கு முன்னால இருக்குது. நான் தெனமும் முட்டைக்குத்தான் சூடங் காட்டிட்டு இருக்கறேன்.

அப்பறம் அவ ஒண்ணு கேட்டா. அந்தக் கட்டைய யாரும் தொடலீல்லம்மா, தொட்டிருந்தா இந்தக் கணக்கே வேறன்னா. நான் எதுக்குச் சாமி தொடறேன்னேன். பூனை கீனை போயிருக்கலாம்னேன். நம்ம ஊட்டுலதான் பூனையே இல்லியேன்னா. பக்கத்து ஊட்டுப் பூனைன்னேன். சரிம்மான்னுட்டு அட்டைய நேரா வெச்சா.

அன்னையில இருந்து அஞ்சு நாளு ஓடிப்போச்சு. பக்கத்து ஊட்டு ராமாத்தா, அதான் என்ற கூடத் தாயக்கரம் ஆடறவ, அவ பாட்டுக்கு வந்து, ஒரு சீமாற வுட்டுத் தட்டினா கட்ட வெளிய வந்துருமே, இதுக்கெதுக்கு இத்தன ரோசனைன்னா. சீமாறுங்கற பேச்ச இந்த ஊட்டுல எடுக்காதீங்கன்னு சத்தம் போட்டுட்டேன், அவ கோவிச்சுட்டுப் போயி ரெண்டு நாளா மோரு வாங்கக்கூட வரல. கிருத்திகா என்ற பொட்டுக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே, இதுல ஏம்மா இத்தன ஒட்டடைன்னு கேட்டா. ஆடிக் காத்துன்னேன். பண்ணையில சனிக்கெழம இருந்து தோடு மெலிசா முட்ட வருது, தொட்டா உடையுது. டாக்டர் வந்து தண்ணியில சுண்ணாம்புச் சத்துக் கலக்கச் சொல்லிட்டுப் போனாரு. எனக்குத் தெரியும் அது எதனாலன்னு, ஆனாச் சொல்லமாட்டேன்.

இந்தக் கணக்கு இருக்குதே தம்பி, அது சொறி மாதிரி, ஒருக்கா ஒட்டுச்சுன்னாப் போகாது. உன்ற மச்சான் டீக்கடைக்குப் போயிருப்பாங்களான்னு கேட்டாப் பாதிக்குப் பாதிங்கறேன். செருப்பக் காணோம்னா நாலுல மூணு. செருப்பும் இல்ல, தீவன வண்டியும் வந்து நிக்கிதுன்னா, சந்தேகமே இல்ல, டீக்கடதான். நேத்துப் போயிப் பாத்தேன், அங்கதான் உக்காந்திருந்தாங்க. எட்டாவதோட நின்னவளுக்கு இது தேவையா சொல்லு.

கிருத்திகா பொட்டியும் கட்டல, அழுகவும் இல்ல, போகட்டுமான்னு ஒரு வார்த்த மறுக்காக் கேக்கவும் இல்ல. சோறு போட்டாச் சாப்புடறா, அப்பாவுக்குத் தைலம் தேச்சுவுடறா, அந்த ரெண்டு முட்டையும் உருண்டு உழுகாம அட்டைய நேரா வெக்கறா. ரயில் டிக்கெட்டு போட்டாச்சாம், வேண்டாம்னா ரத்துப் பண்ணிக்கலாம்னு அவிய அப்பாகிட்டச் சொன்னதக் கேட்டேன்.

ஆகவே நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளிக்கெழம வா. தாய்மாமன்ங்கற மொறையில நடுவூட்டுல உக்காந்து, ஆடியில பீரோவ நகத்தறது நம்ம பக்கம் பழக்கமில்ல, ஆவணி பொறந்து நல்ல நாள் பாத்து நானே என்ற ஆபீஸ்ல மூட்டை தூக்கற ஆளுக ஆறு பேரோட வந்து நகத்தறேன், அது வரைக்கும் யாரும் எங்கியும் கெளம்ப வேண்டாம்னு சொல்லிப்போடு. அதுக்குள்ள முப்பதாந் தேதி போயிரும். கல்கத்தா எங்கியும் ஓடிப்போயிராது, அடுத்த வருசம் பாத்துக்கலாம். இல்லீன்னா இங்கியே சேலத்துல ஒரு காலேஜுல வாத்தியாரம்மாவாப் போகட்டும். நான் சொல்லித்தான் நீ சொல்றேன்னு மட்டும் காட்டிக்காதே. நீ சொன்னா அவ தட்டமாட்டா. அவளுக்குக் காது குத்தினப்ப உன்ற மடியிலதான் உக்காந்திருந்தா, அன்னைக்கும் அழுகல.

நாளைக்கு அமாவாசை, அப்பா அம்மாவுக்கு எல படைக்க மறந்துறாதே. சாந்தாமணிக்கு மாசாமாசம் வர்ற தலவலி கொறஞ்சுதான்னு கேட்டதாச் சொல்லு. சந்தோஷ்குமார வண்டியில மெதுவாப் போகச் சொல்லு. ஆத்தா உங்க ஊட்டுல எல்லாரையும் நோயி நொடி இல்லாம, டயரு வெடிக்காம, பர்மிட்டு தடங்கல் இல்லாமக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
உன்ற நல்லதையே நெனைக்கற அக்கா
சௌந்திரம்

பின்குறிப்பு: மேல எழுதினதெல்லாம் காலையில எழுதினது. இப்பப் பொழுது எறங்குது. கடுதாசியக் கவருக்குள்ள மடிச்சு வெச்சு, என்ற எழுத்து தபால்காரருக்குப் புரியாதேன்னு அட்ரஸ மட்டும் கிருத்திகாள எழுதச் சொன்னேன். அவ உன்ற பேர எழுதி, சங்ககிரின்னு எழுதி, தலையத் தூக்காமயே கேட்டா, "கட்ட தாயந்தானம்மா?"

உள்ள இருக்கறதப் படிச்சயான்னேன். படிக்கலைன்னா. அவ பொய் சொல்லமாட்டா, அது உனக்கே தெரியும். "வேற எது உழுந்திருந்தாலும் நீ அன்னைக்கே தனியா பீரோவ இழுத்துப்போட்டு, ராமாத்தா அத்தையக் கூப்புட்டுக் காட்டியிருப்பே. அஞ்சு நாளா யாரையும் கிட்ட வுடலீன்னா என்ன அர்த்தம்? வெளக்கு வெச்ச வெள்ளிக்கெழம நீ மத்தியானத்துல கூட்டமாட்டே, கூட்டியிருக்கே. கண்ணாடியில ஒட்டட இருக்குது. நான் எத்தன முட்டைய எடுத்துட்டேன்னு எண்ணிக்க"ன்னா. கட்டைய வெச்சுக் கணக்குப் போடறான்னு நான் நெனச்சுட்டு இருக்கறேன், அவ என்ற மேல கணக்குப் போட்டுட்டு இருந்திருக்கறா தம்பி.

ஆமா. அன்னைக்கு மத்தியானம் பொட்டுக் கண்ணாடியச் சாச்சு உள்ள வுட்டு, டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். மேல ஒத்தப் புள்ளி. ஆத்தா நெத்திப் பொட்டாட்டத் தெளிவா இருந்துச்சு. எட்டுல ஒண்ணுன்னு நான் போட்ட வேலியத் தாண்டி ஆத்தா சம்மதஞ் சொல்லியிருந்தா. அப்பறம் சீமாத்த எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். எத்தன பொரளு பொரண்டுச்சுன்னு தெரியாது, மறுக்காக் கண்ணாடி வெச்சுப் பாக்கத் தைரியம் வரல. சாமி குடுத்த வாக்க சீமாத்துல தட்டினவ இந்தச் சில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். முட்டத் தோடு மெலியாம என்ன பண்ணும்.

எப்ப இருந்து சாமி உனக்குத் தெரியும்னு கேட்டேன். சந்தேகம் வெள்ளிக்கெழம பொழுது எறங்கினதுல இருந்தே, நெசம்னு தெரிஞ்சது கண்ணாடியத் தொடைக்கையிலன்னா. அப்பறம் ஏன் சொல்லலைன்னேன். "நீயா மனசார சொல்லோணுமில்ல"ன்னா. சொல்லிப்போட்டேன். போயிட்டு வா சாமின்னு அவ தலையில கைய வெச்சுச் சொல்லிப்போட்டேன். அதுக்கப்பறந்தான் ரெண்டு பேரும் அழுதோம். உன்ற மச்சான் வாசப்படியில நின்னு பாத்துட்டு, உங்கம்மா சொல்றதுதான்னாங்க.

ஆகையால மேல எழுதினதப் படிக்காததா நெனச்சுக்க. கிழிச்சுப்போட்டு வேற எழுதலாம்னா நேரமில்ல, தபாலுக்கும் போகல, சங்ககிரி வழியாப் போற நம்ம முட்ட வண்டி டிரைவரு மாதேஷ்கிட்டயே குடுத்து வுடறேன், அவன் வாசல்ல ஆரன் அடிச்சுட்டு இருக்கறான். நீ வெள்ளிக்கெழம வராதே, ஞாயித்துக்கெழம காலையில கார எடுத்துட்டு வா, சேலம் ரயிலுக்கு. மூட்டை தூக்கற ஆளுக வேண்டாம். ஆனாப் பருப்புப் பொடி, தேங்கா எண்ண, எல்லாம் கட்டி வெக்கறேன், அதத் தூக்கறதுக்கு ரெண்டு பேரு வந்தாத் தேவலாம். ஆத்தா முன்னால வெச்சிருந்த ரெண்டு முட்டையும் இனி வேண்டாமில்லன்னு கேட்டு உன்ற மச்சான் எடுத்துட்டாங்க.

பீரோவ நகத்தல. அந்தக் கட்ட இப்ப எப்படிக் கெடந்தாலும் கெடக்கட்டும், அவ லீவுக்கு வந்தப்பறம் எடுத்துக்கலாம். ராமாத்தா கோவந் தீந்து மோரு வாங்க வந்தா. ஒத்தக் கட்டைய வெச்சுக்கிட்டு இனி எப்படி ஆடறதுங்கறா. காயிதான் எறங்கிருச்சே ராமாத்தா, அது சுத்திட்டு ஊட்டுக்கு வர்ற மட்டும் சும்மா உக்காந்திருப்போம்னுட்டேன்.